கனமூலையில் ஒரு நண்பகல்

பிரயாணம் போகிறவர்களில் ஊரைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு இலங்கைக்குச் சென்றிருந்தபோது, அவள் சொல்வதற்குச் சாட்சியாக என் சட்டைப் பையில் ஒரு காகிதம் இருந்தது. காலை 6 மணிக்கு நீர்கொழும்பிலிருந்து புறப்பாடு, 8 மணிக்குச் சிலாபம், 10-30க்குப் பாலாவி, 12 மணிக்குக் கற்பிட்டிக் கோட்டை, மாலை 4 மணிக்குத் திரும்புதல். கடலோரமாகவே ஒரு நாள் முழுவதும் மோட்டார்ப் பிரயாணம். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் கனமூலை என்ற பெயர் அதில் இல்லை. இன்று அந்த நாளை எண்ணும்போது முதலில் நினைவுக்கு வரும் ஊர் அதுதான்.

எங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். தொழில் நிமித்தமாக நாங்கள் பெங்களூரில் குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஒரே மகளுக்கு வயது பதினொன்று. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி ஆகிய மூன்று மொழிகளைக் கற்கிறாள். வீட்டில் தமிழ் பேசுகிறாள், நன்றாகவே பேசுகிறாள். ஆனால் தமிழை வாசிக்கத் தெரியாது. “அடுத்த விடுமுறையில் கற்றுக்கொடுத்துவிடலாம்” என்று நாங்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் சொல்லிக்கொண்டோம். விடுமுறைகள் வந்தன, போயின; எழுத்து மட்டும் வரவில்லை.

இலங்கையில் ஊர்ப்பெயர்ப் பலகைகள் மூன்று மொழிகளில் இருக்கின்றன: மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம். அதைக் கண்டதும் எனக்கு ஒரு யோசனை தோன்றிற்று. “நடுவில் இருப்பதை வாசித்தால், வாசித்த பலகை ஒவ்வொன்றுக்கும் ஒரு செவ்விளநீர்” என்று மகளிடம் பந்தயம் கட்டினேன். அவள் பலகையைப் பார்ப்பாள், கண் கீழே இறங்கும், ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, “செவ்விளநீர் எங்கே?” என்பாள். பத்து மைலுக்குள் பந்தயம் முறிந்தது. ஆனாலும் செவ்விளநீர் வாங்கித் தரவேண்டியதாயிற்று. அந்தப் பக்கத்துத் தென்னைகளைப் பார்த்தபின் வாங்காமல் போக எவராலும் முடியாது.

கொழும்பிலிருந்து புத்தளம் வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தூரம். கடலை அண்டி வடக்கு நோக்கிச் செல்கிறது சாலை. கொச்சிக்கடையில் மகா ஓயா என்னும் ஆற்றைக் கடந்தால் புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடும். அதற்கப்பால் இருபுறமும் தென்னை, தென்னை, மேலும் தென்னை. தென்னை ஆராய்ச்சிக்கென்று 1929-இல் தொடங்கப்பட்ட நிலையம் இன்றும் இம்மாவட்டத்தில் லுணுவிலையில் இருக்கிறது. தென்னைகளுக்கிடையே வெள்ளை வெளேரென்ற மாதா கோயில்கள். அவற்றின் உயரத்தைக் கண்டு என் மகள் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தாள்.

எங்கள் வண்டியை ஓட்டியவர் நீர்கொழும்பைச் சேர்ந்த இளைஞர், கத்தோலிக்கர், மீனவர் குடும்பத்தவர். எங்களுடன் ஆங்கிலத்தில் பேசினார். நாங்கள் தமிழில் பேசிக்கொள்வதைச் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, “என் பாட்டி இப்படித்தான் பேசுவாள்” என்றார். நான் வியப்போடு நிமிர்ந்தேன். பாட்டி செபம் சொன்னது தமிழில், தாலாட்டியது தமிழில். தந்தைக்குக் கேட்டால் புரியுமாம். தமக்கு ஒன்றும் தெரியாதாம். “பாட்டி கோபம் வந்தால் சொல்லும் இரண்டு வார்த்தைகள் மட்டும் தெரியும், உங்கள் மகள் முன்னிலையில் அவற்றைச் சொல்லமுடியாது” என்று சிரித்தார்.

அவர் சொன்னது ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அன்று. நீர்கொழும்புக் கரையில் ஒரு காலத்தில் தமிழ் வீட்டு மொழியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குள்ள பள்ளிகள் பலவற்றில் சிங்களம் போதனாமொழி ஆயிற்று. பள்ளி மாறியபின் வீடும் மாறிற்று. அந்த இளைஞருக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருந்தவேண்டும் என்று நாம் சொல்வதற்கும் இல்லை. அவர் தம் தாயிடம் கேட்ட சிங்களமும் அழகிய மொழிதான். ஆனால் எனக்குள் ஒரு கணக்கு ஓடிற்று. பாட்டி பேசினாள், தந்தைக்குப் புரிகிறது, மகனுக்குத் தெரியவில்லை. என் வீட்டில் இந்தக் கணக்கு எத்தனையாவது வரியில் நிற்கிறது? பின்னால் திரும்பிப் பார்த்தேன். மகள் இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

சிலாபத்தில் நேரம் சரியாக இருந்தது. அருகிலுள்ள முன்னேசுவரத்தில் சிவபெருமானையும் வடிவாம்பிகையையும் வணங்கினோம். 1578-இல் போர்த்துக்கீசியரால் இடிக்கப்பட்டு, பின்னர் கண்டி அரசன் கீர்த்தி சிறீ ராசசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்த கோயில் அது. சந்நிதியில் எங்கள் பக்கத்தில் நின்று கைகூப்பியவர்களில் பௌத்தச் சிங்களவர் பலர் இருந்தனர். ஆறு மணிக்குப் புறப்பட்டவன் ஒன்பது மணிக்குத் தெதுறு ஓயாப் பாலத்தைக் கடந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

போகும் வழியில் மகளுக்கு இப்னு பதூதாவின் கதையைச் சொன்னேன். மொராக்கோ நாட்டில் பிறந்த அந்தப் பெரும் பிரயாணி, 1344-ஆம் ஆண்டில் மாலைத்தீவிலிருந்து தமிழகத்துக் கரையை நோக்கிப் புறப்பட்டார். காற்று கப்பலைத் திசைமாற்றி இந்தப் புத்தளக் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. அப்போது இங்கே தங்கியிருந்த மன்னன் ஆரியச்சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். பாரசீக மொழியில் அவரோடு உரையாடினான். குளித்தெடுத்த முத்துக்களைக் காட்டினான். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்புவதாக அவர் சொல்லவே, பல்லக்கும் வழித்துணையும் தந்து அனுப்பி வைத்தான். “காற்று அடிக்காமலிருந்தால் அவர் இந்த ஊருக்கு வந்தே இருக்கமாட்டாரா?” என்று மகள் கேட்டாள். “வந்திருக்கமாட்டார்” என்றேன். கதை அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

இப்னு பதூதாவின் கப்பலுக்குக் காற்று. எங்கள் வண்டிக்கு ஓர் ஆணி. முந்தலைத் தாண்டி மதுரங்குளியை நெருங்கும்போது பின்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரத்தை எடுத்துப் பார்த்தால், அதிலும் காற்று இல்லை. இளைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு சக்கரங்களையும் ஒரு முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு, “ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன்” என்று புறப்பட்டார். வைகாசி வெயில். நிழலுக்கு ஒதுங்கலாம் என்றால் தென்னையின் நிழல் எங்கே நிற்கும்? என் கையில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் இறங்கி நின்றார். வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, மடித்துக் கட்டிய சாரம். எங்களை ஒருமுறை பார்த்தார். “இந்தியாவா, தம்பி?” என்றார். “ஆமாம்” என்றேன். “பிள்ளை வெயிலில் நிற்கிறது. வீடு கிட்டத்தான், கனமூலையில். வாங்க” என்றார். நான் தயங்கினேன். “எங்களால் உங்களுக்குச் சிரமம்” என்று தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்காமல் என் மகளின் பையை எடுத்துச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு நடந்தார். பை போன வழியே நாங்களும் போனோம்.

கனமூலை மதுரங்குளியை அடுத்த சிற்றூர். தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர். காற்றில் களப்பின் உப்பு மணம் இருந்தது. நம் ஊரில் கழி என்றும் காயல் என்றும் சொல்வதையே அங்கே களப்பு என்கிறார்கள். சீட்டு ஓடு வேய்ந்த வீடு, திண்ணையில் பாய், முற்றத்தில் ஒரு முருங்கை. பாயில் ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். சர்க்கரை நோயினால் பார்வை மங்கிப்போனவர். எங்கள் காலடி ஓசையைக் கேட்டே எத்தனை பேர் என்று அறிந்துகொண்டார். “மூன்று பேர், அதில் ஒன்று சின்னப் பிள்ளை” என்று சொல்லி, உள்ளே இருந்த மகளிடம் தேநீருக்கும் சோற்றுக்கும் சேர்த்தே உத்தரவிட்டார். சோறு வேண்டாம் என்று நாங்கள் சொன்னதை அந்த வீட்டில் யாரும் விவாதப் பொருளாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

சிறிது நேரத்தில் பேத்தி பள்ளியிலிருந்து வந்தாள். வெள்ளைச் சீருடை, முக்காடு, முதுகில் பெரிய பை. என் மகளின் வயதுதான் இருக்கும். புதிய முகங்களைக் கண்டு கொஞ்சம் வெட்கம்; பிறகு ஒருவர் பேனாவை ஒருவர் பார்த்தார்கள்; வெட்கம் போயிற்று. பை இறக்கியவுடன் அவள் செய்த முதல் காரியம், பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து அன்றைய பத்திரிகையை வாசித்ததுதான். அது அந்த வீட்டின் நித்தியக் கடமை போலும். “உம்மம்மா, முதலில் ஊர்ச் செய்தியா, வெளிநாடா?” என்று கேட்டு, தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்தாள். பாட்டி இடையிடையே, “அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லு” என்பார். சொன்னபின் தலையசைப்பார்.

அரைப் பக்கம் ஆனதும் அம்மையார் பத்திரிகையைக் கைநீட்டி வாங்கினார். தடவிப் பார்த்து என் மகளின் கையில் கொடுத்தார். “இனி நீ வாசி, மகள். இந்தியாக் குரலையும் கேட்போம்” என்றார்.

என் மகள் பத்திரிகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் முருங்கை மரத்தைப் பார்த்தேன்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது, பாட்டி” என்றாள் மெல்ல.

அம்மையார் பதறிப்போனார். “உனக்கும் கண் தெரியாதா, மகள்? இந்தச் சின்ன வயசிலா? கண்ணாடி போடவில்லையா?” என்று கேட்டு, அவள் முகத்தைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

நேயர்களே, இத்தனை தெளிவாகத் தமிழ் பேசும் ஒரு பெண்ணுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கும் என்று அந்த அம்மையாரால் எண்ணவே முடியவில்லை. கண்ணில் குறை என்றுதான் அவருக்குத் தோன்றிற்று. குறை யாருடையது என்று எனக்குத் தெரியும். அதை அங்கே எடுத்துச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. என் மனைவிதான், “கண்ணில் குறை இல்லை, அம்மா. நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை” என்று உண்மையைச் சொன்னாள்.

சாப்பாடு வந்தது. மீன் குழம்பு, பருப்பு, கத்தரிக்காய், தேங்காய்ச் சம்பல். அந்தச் சங்கடத்தை மறைக்க எண்ணி நான் உரத்த குரலில் ஒரு பிரசங்கம் தொடங்கினேன். “கடல் கடந்து வந்தோம், வெளிநாடு என்று கடவுச்சீட்டுக் காட்டி வந்தோம். ஆனால் பாருங்கள், மொழி ஒன்று. மொழி ஒன்றாக இருந்தால் அந்நியர் என்பது ஏது?” என்றேன். மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும்.

பெரியவர் சோற்றைப் பிசைந்தபடியே சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: “மொழி ஒன்றுதான், தம்பி. நான் மன்னாரில் பிறந்தவன். 1990-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று எங்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அதையும் தமிழில்தான் அறிவித்தார்கள்.”

நான் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தேன். அந்தச் செய்தியை நான் எப்போதோ படித்திருக்கிறேன். வட மாகாணத்து முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் இந்தப் புத்தளம் மாவட்டம். படித்தது வேறு, அதைச் சுமந்தவர் கையால் சோறு பரிமாற, எதிரே உட்கார்ந்து கேட்பது வேறு.

மன்னாரிலிருந்து படகில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கியதாகச் சொன்னார். அப்போது அவர் இளம் ஆசிரியர். கையில் இரண்டு சட்டைகள், கொஞ்சம் பணம். அங்கிருந்து ஒரு லாரி அவர்களில் சிலரை இந்த ஊரில் கொண்டுவந்து விட்டது. “இந்தத் திண்ணையில்தான் இறங்கினோம். இந்த வீட்டுக்காரர் வெளியே வந்து, ‘வாங்க’ என்றார். அதுவும் தமிழ்தான். பிறகு அவர் மகளையே எனக்குக் கொடுத்தார்” என்று அம்மையாரைப் பார்த்தார். பார்வை இல்லாத அம்மையார் முகத்தில் புன்னகை வந்தது. “அப்போது இவர் இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. இப்போதுதான் வட்டியும் சேர்த்துச் சாப்பிடுகிறார்” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் பெரியவர் தொடர்ந்தார்: “மொழி என்ன செய்யும், தம்பி? சொல்லுகிறவர் மனத்தில் இருப்பதைச் சொல்லும். ‘போ’ என்றும் சொல்லும், ‘வா’ என்றும் சொல்லும்.”

“அப்படியானால், பிள்ளைகளுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுக்க நாம் இத்தனை பாடுபடுவது எதற்கு?” என்று நான் கேட்டேன். தர்க்கத்துக்காகக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியரல்லவா? விடை தயாராக இருந்தது. “யார் எப்போது ‘போ’ என்றார், யார் ‘வா’ என்றார் என்பதைப் பிள்ளைகள் தாங்களே வாசித்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? பிறர் சொல்லிக் கேட்டால், சொல்கிறவர் தமக்குப் பிடித்ததை மட்டும் சொல்லுவார்.”

மூன்று மணி ஆகும்போது இளைஞர் வண்டியோடு வந்து சேர்ந்தார். மன்னிப்புக் கேட்டார். நான்தான் அவருக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றிற்று. அவருக்கும் அந்த வீட்டில் சோறு வைத்திருந்தார்கள். அம்மையார் தமிழில் பரிமாறச் சொல்ல, பெரியவர் சிங்களத்தில் உபசரிக்க, அவர் இரண்டு மொழிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். விடைபெறும்போது பேத்தி உள்ளே ஓடி, அட்டை கிழிந்த ஒரு முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். “இது தம்பி படித்துக் கிழித்தது. படங்கள் எல்லாம் இருக்கின்றன” என்று என் மகளிடம் தந்தாள். ஆறாம் வகுப்பு மாணவி முதல் வகுப்புப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளக் கூச்சப்படுவாளோ என்று அஞ்சினேன். அவள் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் பாலாவிச் சந்தியில் திரும்பித் தீபகற்பத்தின் வழியே கற்பிட்டிக்குச் சென்றோம். ஒருபுறம் களப்பு, மறுபுறம் கடல். நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. 900 மெகாவாட் ஆற்றல் உள்ள அது இலங்கையின் மிகப் பெரிய மின்நிலையம். காற்றாலைகள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. ஒல்லாந்தர் 1667-இல் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டை இன்று கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பார்வை நேரம் முடிந்துவிட்டது. மதிலை வெளியிலிருந்தே பார்த்தோம். நண்பகலில் வந்திருக்கவேண்டிய இடத்துக்கு மாலையில் வந்தோம் என்று என் காகிதம் குறைப்பட்டுக்கொண்டது. அதை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த மதிலருகே எனக்கு ஒருவர் நினைவு வந்தது. 1807-இல் இதே கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியக்காரராக இருந்தவர். பின்னர் சிலாபத்தில் நீதிபதியாக விளங்கியவர். தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தேடித் திரட்டி 1859-இல் ‘தமிழ் புளூடார்க்’ என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழகத்துப் புலவர்களையும் ஈழத்துப் புலவர்களையும் ஒரே நூலில் அமர்த்திய அந்த உழைப்பு, பெரிய நகரம் எதிலும் அன்று, இந்த மணல் திட்டில் பிறந்தவருடையது. அவர் பிறந்த ஊரில், தமிழ் எழுத்தறியாத மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன்.

சூரியன் கடலில் இறங்கிய பின் திரும்பினோம். மகள் பின்னால் உறங்கிவிட்டாள் என்று எண்ணினோம். மதுரங்குளிச் சந்தியை அடைந்தபோது, வண்டியின் விளக்கொளி ஒரு கைகாட்டிப் பலகைமேல் விழுந்தது. “கொஞ்சம் நிறுத்துங்கள்” என்று குரல் வந்தது. மடியில் அந்தக் கிழிந்த புத்தகம், ஒரு விரல் அதன் பக்கத்தில், கண் பலகையில். “க... ன...” என்றாள். மூன்றாவது எழுத்தில் நின்றுவிட்டாள். புத்தகத்தைப் புரட்டினாள். இளைஞர் பொறுமையாகக் காத்திருந்தார். பின்னால் வந்த பேருந்து ஒன்று நீண்ட ஒலி எழுப்பிற்று. “மூ... லை” என்று முடித்தாள். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எத்தனை நிமிடம் ஆயிற்று என்று என் மனைவிதான் பிறகு சொன்னாள்: நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தைப் பதினொரு வருஷமாகத் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் குடும்பங்களுக்கு நான் உபதேசம் செய்யத் தகுதியுடையவன் அல்லன். என் கதையைத்தான் சொன்னேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பத்திரிகையிலிருந்து ஒரு செய்தியை வாசிக்கவேண்டும். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவேண்டும். புரியாவிட்டால், “அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லு” என்போம். நல்ல செய்தி, கெட்ட செய்தி என்று தேர்ந்துகொடுப்பதில்லை. ‘போ’ என்பதும் ‘வா’ என்பதும் அவள் கண்ணில் படட்டும்.

சென்ற வாரம் அவள் கனமூலைக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஏழு வரி. அதில் நான்கு பிழைகள் இருந்தன. திருத்தட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், அவள் வாசித்தால் உம்மம்மாவுக்குப் பிழை தெரியாது” என்றாள். அப்படியே உறையிலிட்டு அனுப்பியிருக்கிறோம். பதிலுக்காகத் தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.